கங்கையில் விட்ட ஏலக்காய்

"…தண்ணிக்குள்ள நின்னு சொன்ன சொல்லு தரைக்கு வந்ததும் காஞ்சு போயிருமா? அதை வாயில போட்டீங்கன்னா காசிக்குப் போனதும் வீண், நான் காப்பியை விட்டதும் வீண். அம்புட்டுத்தான் சொல்வேன்" என்றாள் என் அக்கா நாகம்மா.

சொன்னது அவள் கணவரிடம். இடம், போடிநாயக்கனூரில் அவருடைய ஏலக்காய்க் கடை. அவர் பெயர் சுருளியப்பன், எனக்கு மச்சான். அவர் முன்னால் ஒரு சாக்கு வாய் திறந்து கிடந்தது. ஒரு காயை உரித்து எடுத்த நாலு கறுப்பு விதைகள் அவர் விரல் நுனியில் இருந்தன. விரலுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் தூரம். அந்தச் சாணைத் தாண்டினால் காசியில் செய்த சத்தியம் போச்சு. தாண்டாவிட்டால் தொழில் போச்சு. ஏலக்காய் வாங்குகிறவன் நிறத்தைக் கண்ணால் பார்ப்பான், பருமனை விரலால் பார்ப்பான், வாசனையை மூக்கால் பார்ப்பான். புதுக்காயோடு போன வருசத்துக் காயைக் கலந்திருக்கிறார்களா என்பதை மட்டும் பல்லால் கடித்து நாக்கில் வைத்துத்தான் பார்க்க முடியும். 'சுருளியப்பன் கடிக்காமல் வாங்குகிறார்' என்று பேர் பரவினால் போதும், மலையில் கிடக்கிற பழைய காய் முழுவதும் மறுநாள் காலையில் அவர் கடை வாசலில் வந்து இறங்கிவிடும்.

அந்த விரல் அங்கேயே நிற்கட்டும். அது ஏன் அங்கே நின்றது என்று சொல்ல நான் காசிக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

போன வழியைச் சொல்லப் போவதில்லை. ரயிலில் உட்கார்ந்திருந்தோம், கண்ணில் கரி விழுந்தது, காசி வந்தது. நாங்கள் மூன்று பேர்: அக்கா, மச்சான், நான். எனக்குப் போடியில் வாடகை சைக்கிள் கடை. என்னை அழைத்துப் போனதற்குப் பாசம் ஒரு காரணம், இந்தி இன்னொரு காரணம். காய் வாங்கப் போடிக்கு வரும் வடக்கத்தி வியாபாரிகளோடு பேசிப் பேசி நானாகக் கற்றுக்கொண்ட இந்தி அது. அதில் 'ஈரம்', 'உள்ளே பொக்கு', 'விலை கூடுதல்', 'நாளைக்கு வா' ஆகிய நான்கும் எனக்குச் சரளமாக வரும். மற்றவற்றைக் கையால் பேசிக்கொள்வேன். காதில் விழுவது மட்டும் பெரும்பாலும் புரிந்துவிடும். ஊர் பார்க்கப் போகிறவர்கள் கோபுரம் பார்ப்பார்கள். எனக்கு யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்பதுதான் ஊர் பார்ப்பது.

அக்காவுக்குக் கலியாணம் ஆன நாளிலிருந்து சிலமலை வயலுக்கும் போடிக் கடைக்கும் நடந்ததுதான் யாத்திரை. ஒருமுறை மதுரை. அவள் காசி என்று கேட்டது சாமிக்காக. மச்சான் சரி என்று தலையாட்டியதற்கு வேறு காரணம் உண்டு. வடக்கத்தி வியாபாரி ஒருவர் மச்சானின் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, காசியில் பாலைச் சுண்டக் காய்ச்சி ஏடு ஏடாக எடுத்து விற்கும் ரபடி என்ற பண்டத்தைப் பற்றி ஒரு மத்தியானம் முழுவதும் பேசிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து மச்சானுக்குப் பக்தி வந்துவிட்டது.

முதல் நாள் காலையில் ஸ்டேஷன் வாசலில் ஒற்றைக் குதிரை வண்டி பேசினோம். மச்சான் கனத்த சரீரி. அவர் பின்பக்கம் ஏறி உட்கார்ந்ததும் வண்டி பின்னால் சாய்ந்து, குதிரையின் முன்னங்கால் தரையை விட்டுக் கிளம்பியது. வண்டிக்காரர் இறங்கி நின்று, "இந்த ஐயா முன்னால் வரட்டும். இல்லையென்றால் குதிரையை உள்ளே ஏற்றிவிட்டு நான் இழுக்கிறேன்" என்றார்.

"என்ன சொல்றான் மாப்ளே?" என்றார் மச்சான்.

"உங்களைப் பாத்தா பெரிய மனுசனாத் தெரியுதாம். முன்னாடி வந்து உக்காரச் சொல்றாரு."

மச்சான் மகிழ்ந்து முன்னால் வந்து உட்கார்ந்தார். குதிரையும் தரைக்கு வந்தது.

வண்டி போகாத சந்துகளில் நடந்தோம். ஒரு காளை, சந்தின் அகலமும் தன் அகலமும் ஒன்று என்று அளந்து பார்த்ததுபோல் குறுக்கே நின்று யாரோ போட்ட சாமந்தி மாலையைத் தின்றுகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர், ஒரு பால்காரர், கோட்டுப் போட்ட ஒரு வக்கீல் எல்லோரும் காத்து நின்றார்கள். போடியில் லோடு ஏற்றிய ஜீப்பு ஒரு தடவை ஊதினால் மாடு மட்டுமல்ல, மாப்பிள்ளை ஊர்வலமே ஒதுங்கும். நான் என் இந்தியைக் கூட்டி வைத்து, "நேரமாகிறது" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னேன். பால்காரர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அவசரம் இருக்கிறவன் காசிக்கு எதற்கு வந்தான்?" என்றார். காளை கடைசிப் பூவரைக்கும் தின்று முடித்தது.

பசி காதை அடைத்தது. இரண்டு பக்கமும் கடைகள். எண்ணெய்ச் சட்டியில் பூரி உப்புகிறது, ஜிலேபி சுற்றுகிறார்கள். மச்சான் ஒரு கடைமுன் நின்றேவிட்டார். அக்கா விடவில்லை. "கங்கையில முங்காம பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது. வெரசா நடங்க" என்றாள். எல்லாக் கேட்டுக்கும் காரணம் இந்த வெறும் வயிறுதான் என்று மச்சான் இன்றைக்கும் சொல்கிறார். சாப்பிட்டுவிட்டு முங்கியிருந்தால் அந்த ஊர்ப் பண்டங்களில் என்ன போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அனுமான் கட்டம் என்ற படித்துறையில் தமிழ் பேசும் சாஸ்திரிகள் ஒருவர் கிடைத்தார். பாட்டனார் காலத்திலேயே தஞ்சாவூரை விட்டு வந்த குடும்பம். எங்களை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி மந்திரம் சொன்னார். தை மாதத்துக் கடைசி. போடிமெட்டுக் குளிரெல்லாம் இதற்குத் தம்பி. பிறகு அவர் கேட்டார்: "காசிக்கு வந்தவா ஆசையா சாப்பிடற ஒரு பண்டத்தை விட்டுட்டுப் போகணும். என்ன விடப் போறேள்? முன்னாடியே சொல்லிட்றேன், பாகற்காயை விட்டவாளை எல்லாம் வரிசையா நிறுத்தினா ராமேஸ்வரம் வரைக்கும் நிப்பா."

நான் பாகற்காயைத்தான் நினைத்து வைத்திருந்தேன். அவசரமாகக் கொத்தவரங்காய்க்கு மாறினேன். அதையும் நான் தின்று வருசக்கணக்கு ஆகிறது. சாஸ்திரிகள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீர் வார்த்தார்.

அக்கா, "காப்பி" என்றாள்.

"அது காய்கறி இல்லையேம்மா."

"கொட்டைதான சாமி. எங்க குரங்கணி மலையில செவசெவன்னு பழமாத் தொங்கும். எனக்கு அதுமேலதான் உசுரு. அதான் விடுறேன்."

சாஸ்திரிகள் முதல்முறையாக மந்திரத்தை நிதானமாகச் சொன்னார். அக்காவின் உதடு நடுங்கியது குளிராலா, காப்பியாலா என்று எனக்குத் தெரியாது.

மச்சான் முறை வந்தது. "ஏலக்காய்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என் காதோடு சொன்னார்: "நம்ம வீட்டுப் பாயசத்துலகூட அது கெடையாதே மாப்ளே. பகல் பூரா மோந்து மோந்து எனக்குச் சோத்துல அந்த வாடையே ஆகாது. இதை விட்டா நமக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அதோடு விட்டிருக்கலாம். மச்சானுக்கு எதையும் சபைக்கு ஏற்றமாதிரி சொல்ல வேண்டும். "சாப்பிட மாட்டேன்னு சொன்னா போறும்" என்றார் சாஸ்திரிகள். மச்சான் இரண்டு கையிலும் கங்கையை அள்ளிக்கொண்டு, "சாப்பிடுறது என்ன சாமி, அத நான் என் நாக்குலயே படவிட மாட்டேன்" என்று கரையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

சாஸ்திரிகள் சற்று யோசித்து, "ஊர்ல என்ன பண்றேள்?" என்று கேட்டார்.

"ஏலக்காய் ஏவாரம்."

"அப்படியா" என்றார் சாஸ்திரிகள். தண்ணீரை வார்த்துவிட்டார்.

கரையேறியதும் நேரே தேத்தண்ணீர்க் கடைக்குப் போனோம். மண் குவளையில் ஆவி பறந்தது. மச்சான் அதை உதட்டுக்குக் கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார். "மாப்ளே, இதுல கெடக்கு" என்றார்.

கடைக்காரர் பெருமையாகத் தலையாட்டினார். ஏலக்காய் தட்டிப் போடாத தேநீரை அவர் யாருக்கும் கொடுத்ததில்லையாம்.

பக்கத்துக் கடையில் தயிரைக் கடைந்து லஸ்ஸி. மேலே தூவியிருந்தது. அடுத்தது பேடா. அதற்குள் இருந்தது. அல்வாவில் இருந்தது. வெற்றிலை மடிக்கிறவர் ஒரு முழுக் காயையே உள்ளே வைத்து மடித்தார். பனியில் வைத்துக் கடைந்த பால்நுரையை ஒருவர் கோபுரமாகக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார். வாயில் வைத்தால் காற்றுத்தான். அந்தக் காற்றிலும் இருந்தது. "நுரையிலயுமாய்யா போடுவீங்க?" என்று மச்சான் அவரிடம் தமிழிலேயே கேட்டார்.

கடைசியில் ரபடிக் கடை. அகலச் சட்டியில் ஏடு மடிந்து கிடந்தது. மச்சான் குனிந்து மோந்தார். அந்த மூக்கு சாதாரண மூக்கு இல்லை. "நம்ம மலைக்காயி மாப்ளே. கார்த்திகையில பறிச்சது. நான் தூக்கிவிட்ட மூட்டையாத்தான் இருக்கும்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கு" என்றார்.

அக்கா இரண்டு தொன்னை சாப்பிட்டாள். ஒன்று அவளுடையது.

அன்று இரவு சத்திரத்தில் மச்சான் ரசஞ்சோறு சாப்பிட்டார். ரபடிக்காக ரயிலேறி வந்து ரசஞ்சோறு தின்றவர் காசி சரித்திரத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் அவருக்கு ஜலதோசம் பிடித்தது. கங்கையின் குளிர் மூக்கை அடைத்துவிட்டது. இப்போது நாக்குக்குத் தடை, மூக்குக்கும் அடைப்பு. எதில் ஏலக்காய் இருக்கிறது என்றே தெரியவில்லை. மச்சானே ஒரு வழி கண்டுபிடித்தார்: அக்கா முதலில் தின்று பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லை என்று அவள் சொன்னால் இவர் சாப்பிடுவார்.

முதல் சோதனை ஒரு பால்கோவாவில் நடந்தது.

"இருக்கா?"

"இனிப்பா இருக்கு."

"அதைக் கேக்கல. காயி இருக்கா?"

"தெரியல. இன்னொரு வாய் தின்னு பாக்குறேன்."

இன்னொரு வாயும், அதற்கடுத்த வாயும் பார்த்தாள். தொன்னையின் அடியை வழித்தபோதுதான் அவளுக்குத் தெளிந்தது. "இருக்கு" என்றாள்.

இப்படியே அன்று முழுவதும் நடந்தது. அன்னபூரணி கோயிலில் குங்குமம் கொடுத்தார்கள், கையில் ஓர் இனிப்பு உருண்டையும் வைத்தார்கள். உலகத்துக்கே சோறு போடுகிற அம்மன் சந்நிதியில் மச்சான் நீட்டிய கையோடு நின்று அக்காவைப் பார்த்தார். அக்கா தன்னுடையதைத் தின்றுவிட்டு, "இருக்கு. ஆனா சாமி குடுத்தத வேண்டாம்னு சொல்லப்படாது" என்று அவர் உள்ளங்கையில் இருந்ததையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மச்சான் கொய்யாப் பழமும் அவித்த சர்க்கரைவள்ளியும் தின்று இரண்டு நாளைத் தள்ளினார். அக்காவுக்குக் கன்னம் கொஞ்சம் பூரித்திருந்தது.

மூன்றாம் நாள்தான் அந்த விசயத்தைக் கவனித்தேன். அதே ரபடிக் கடை. அக்கா ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கூரையைப் பார்த்தாள். "இன்னைக்கு வேற காயி" என்றாள்.

"என்னது?" என்றார் மச்சான், அடைத்த மூக்கோடு.

"முந்தாநேத்துப் போட்டது வாயில கொஞ்சம் நின்னு, அப்புறம் குளுந்துச்சு. இது பட்டதும் வருது, ஒடனே போயிருது. பின்னாடி ஒரு கசப்பு. அரிசியவிடத் தோலைத்தான் கூட அரைச்சிருக்கான்." விதையைத்தான் எங்கள் பக்கம் அரிசி என்போம்.

நான் கடைக்காரரிடம் என் நாலு வார்த்தை இந்தியில் விசாரித்தேன். அவர் முதலில் மறுத்தார். பிறகு சிரித்து, நேற்று வந்த பொட்டலம் பழைய சரக்கு என்று ஒப்புக்கொண்டார். "இந்த அம்மா சாப்பிட வந்தாரா, கடையைச் சோதனை போட வந்தாரா?" என்று கேட்டார். மச்சான் அக்காவைப் பார்த்தார். புதுத் தராசு வாங்கும்போது முள்ளைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. ஆனால் பசி மும்முரத்தில் அது உடனே அணைந்தது.

அன்று சாயங்காலம் படகில் போனோம். படகுக்காரர் பேச்சுக்காரர். துடுப்பைப் போட்டபடி ஒவ்வொரு கட்டத்தின் கதையையும் சொன்னார். ஆற்றுநடுவே ஒரு மணல் திட்டில் படகு ஏறி நின்றுகொண்டது. மச்சான் உட்கார்ந்த பக்கம்தான். "ஐயா கொஞ்சம் இறங்கினால் படகு மிதக்கும்" என்றார் படகுக்காரர். மச்சான் வேட்டியை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். சும்மா நிற்கிறாரே என்று நான் பேச்சுக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

"ஏன் மச்சான், ஊருக்குப் போயி காயைக் கடிச்சுப் பாக்கணுமே. அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

தண்ணீர் அவர் காலைச் சுற்றிப் போனது. "அத நான் யோசிக்கல மாப்ளே" என்றார்.

சத்தியத்தைப் பாகற்காய்க்கு மாற்ற முடியுமா என்று படகுக்காரரிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். "கங்கை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள் ஐயா. திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு அவர் துடுப்பை எடுத்தார். மறுநாள் புறப்படும்போது சாஸ்திரிகளையும் போய்ப் பார்த்தோம். "நாக்குல படாதுன்னு நான் சொல்லச் சொல்லலையே. நீங்களாத்தானே சொன்னேள்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, முகத்தில் இல்லை.

திரும்பி வந்ததும் வீட்டில் ஒரே கூட்டம். காசிக் கயிறு வாங்கிக்கொண்டார்கள், கங்கைச் சொம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். 'என்னத்தை விட்டீங்க' என்ற கேள்விக்கு மச்சான் பதில் சொல்லாமல் நழுவினார். ஆனால் கொத்தவரங்காயை விட்ட நான் சும்மா இருப்பேனா? மச்சான் விட்டது ஏலக்காய் என்று ஒருவரிடம்தான் சொன்னேன். போடியில் ஒருவரிடம் சொன்னால் மத்தியான ஜீப்பில் அது குரங்கணிக்குப் போய்விடும்.

போய்விட்டது. மறுநாள் காலையில், மச்சானுக்குக் காய் கொண்டுவந்து போடும் குரங்கணிப் பெருமாள் ஜீப்பு பிடித்து மூன்று மூட்டையோடு வந்து இறங்கினார். பறிப்பின் கடைசிக் காய் என்றார். போன வருசம் மாநிலம் பிரித்தபோதுதான் மேல்மலை கேரளத்தோடு போயிற்று. காய் மட்டும் பழையபடி போடிக்கு இறங்குகிறது. பெருமாளும் பழையபடிதான். எப்போதும் மச்சான் காயைக் கடிக்கும்போது வேறு பக்கம் பார்ப்பார். அன்று நேருக்கு நேர் பார்த்தார்.

மச்சானின் மூக்கு திறந்திருந்தது. மோந்தார். வாசனை இருந்தது, மேலாகப் புதுக்காய் கிடந்தால் வாசனை இருக்கத்தான் செய்யும். கைவிட்டு அடியிலிருந்து ஒரு காயை எடுத்து உரித்தார். விதை விரலுக்கு வந்தது. பழக்கத்தில் கை தானாக வாய்ப் பக்கம் போயிற்று. பாதியில் நின்றது.

"அண்ணே, வேணாம்ணே" என்றார் பெருமாள், கையைக் கூப்பி. "கங்கையம்மாகிட்டச் சொன்ன சத்தியம். என் காயிக்காக நீங்க அதை முறிச்சிராதீங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம். புதுக்காயிதான், நான் சொல்றேன்ல. அப்படியே எடுத்துக்கங்க." காசியில் மூன்று நாள் சுற்றினேன், இப்படி ஒரு பக்திமானை நான் அங்கே பார்க்கவில்லை.

கடை மூலையில் காயில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"கடிச்சுத் துப்புறேன், முழுங்கவா போறேன்?" என்றார் மச்சான், யாரையும் பார்க்காமல். "துப்புனா தின்னதாகுமா மாப்ளே?"

நான் சைக்கிள் கடைக்காரன். எனக்குச் சாஸ்திரம் தெரியாது. சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் உள்ளே வந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. விடிந்ததிலிருந்து காப்பி இல்லாமல் தலைவலியில் இருந்தவள். தூக்கை வைத்துவிட்டு, முதலில் எழுதினேனே, அந்த வார்த்தைகளைச் சொன்னாள். நாக்குல படவிட மாட்டேன்னு நீங்கதான சொன்னீங்க, துப்புறதுக்கு முன்னாடி அது எங்க இருக்கும் என்று தொடங்கி, காப்பியை விட்டதும் வீண் என்பதில் முடித்தாள்.

மச்சானின் விரல் ஒரு சாண் தூரத்தில் நின்றது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டு, "அப்ப நிறுத்துருவமாண்ணே?" என்று தராசுப் பக்கம் போனார்.

அக்கா மச்சானின் விரலிலிருந்து அந்த நாலு விதைகளையும் எடுத்துத் தன் வாயில் போட்டாள். மென்றாள். கூரையைப் பார்த்தாள். பெருமாள் தராசில் வைத்த கையை எடுத்தார். ரபடிக் கடையில் பார்த்தாளே, அதே பார்வைதான்; ஆனால் இங்கே இன்னொரு வாய் கேட்கவில்லை. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, அந்தச் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டி, பெருமாளின் கால்பக்கம் தள்ளினாள். பிறகு மச்சான் உட்கார்ந்திருந்த பலகையில் அவரை நகரச் சொல்லிக் கையைக் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.